கரும்பள்ளத்தில் எட்டுக் குறிகள்

சுர்வால்,
அக்டோபர் 19

அன்புள்ள லினார்டுக்கு,

உடம்பைப் பொறுத்தவரை நாங்கள் இருவரும் நலம், நீயும் அப்படியே இருக்கிறாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். ஹோபார்ட்டில் இப்போது வசந்தம் ஆரம்பித்திருக்கும், அந்தப் பக்கத்து வெயில் தோலைத் தீய்த்துவிடும் என்று படித்தேன், மீன் பண்ணைப் படகில் நிற்கும்போது தொப்பி போட்டுக்கொள், கூட வேலை செய்கிறவர்கள் போடவில்லை என்பதற்காக நீயும் வெறுந்தலையோடு நிற்காதே. இதைத் தொலைபேசியில் சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். தொப்பியைத் தொலைபேசியில் சொல்லலாம், மற்றதைச் சொல்ல முடியாது. நான் பேசுவது உன் காதுக்கு வந்து நீ பதில் சொல்வதற்குள் ஒரு நொடி மௌனம் விழுகிறதே, அந்த ஒரு நொடியில் நான் பயந்துபோய் அத்தையின் இடுப்பு வலியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அப்படித்தான் போயின. அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுதாகப் படித்து முடி, பாதியில் என்னை அழைக்காதே.

அத்தைக்கு ஜனவரியில் அறுவை சிகிச்சை என்று தேதி கொடுத்துவிட்டார்கள், அதுவரை மாடிப்படி ஏறக்கூடாதாம், ஏறுகிறாள். லார்ச் மரங்கள் மஞ்சளாகிவிட்டன, மேலே முதல் பனி விழுந்து கரைந்தது. மேய்ச்சலிலிருந்து மாடுகள் செப்டம்பர் கடைசியில் இறங்கின, இந்த வருஷம் தலையில் பூ கட்டவில்லை, பெரிய மணிகளும் இல்லை. மலையில் சாவு விழுந்த வருஷம் பூ கிடையாது என்பது உனக்குத் தெரியும், ஆனால் இறந்தவர் நம் ஊர்க்காரர் இல்லையே, அவருக்கும் அது பொருந்துமா என்று ஊர்க்கூட்டத்தில் ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. கடைசியில் உன் அப்பா எழுந்து, "எந்த ஊர்க்காரனா இருந்தா என்ன, செத்தது நம்ம மலையில" என்றார். அவ்வளவுதான் பேசினார், உட்கார்ந்துவிட்டார், யாரும் மறுக்கவில்லை. அதன் பிறகு அவர் எந்தக் கூட்டத்துக்கும் போவதில்லை. அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார் என்று போன மாதம் உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். பார்லி சூப்பைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருக்கிறார், ஆறியதும் நான் எடுத்து வைத்துவிடுகிறேன்.

ஆகஸ்ட் 28ஆம் தேதி கரும்பள்ளத்தில் ஒரு டச்சுக்காரர் விழுந்து இறந்ததை அப்பா உன்னிடம் சொன்னபோது நான் சமையலறையில் தட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். நீ எந்தப் பக்கம் என்று கேட்டாய் போலிருக்கிறது, அப்பா "பழைய பக்கம்" என்றார். அதற்குப் பிறகு நீங்கள் இருவரும் பனிச்சறுக்கைப் பற்றிப் பேசினீர்கள், ஆகஸ்ட் மாதத்தில். அது எனக்கு விசித்திரமாகப் பட்டது, ஆனால் நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது இந்த வீட்டில் மரியாதை என்று பெயர் வாங்கிவிட்டது, அதில் என் பங்கும் உண்டு.

இறந்தவரின் பெயர் ஹெண்ட்ரிக், அறுபத்தொரு வயது, ரயில்களுக்குக் கால அட்டவணை போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வாரம் நம் பக்கத்து மலையில் தனியாக நடந்தார், ஊர் ஊராகத் தங்கினார். அவர் மனைவி அலைடா இம்மாத ஆரம்பத்தில் ஊராட்சிக்கு எழுதியிருந்தார், கணவர் கடைசியாக நடந்த ஊர்களைத் தானும் நடந்து பார்க்க வேண்டும், யாராவது கூட வர முடியுமா என்று. ஊர்த்தலைவர் காஷ்பர் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். "டீச்சர், உனக்குத்தான் இப்ப லீவு, ஜெர்மனும் சுத்தமா பேசுவ. நாலு எடம் காட்டி நல்லபடியா பஸ் ஏத்தி விட்டுடு. ரொம்பப் பேச விடாத" என்றார். எதைப் பேச விடக்கூடாது என்று கேட்டேன். "சும்மா சொன்னேன், துக்கத்துல இருக்கிறவங்க இல்லியா" என்று சொல்லிவிட்டு உன் அப்பாவைப் பார்த்தார். அப்பா சுவரைப் பார்த்தார். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும், சூரிச்சில் ஐந்து வருஷம் புவியியல் படித்தவள், பாறையில் விழுந்த விரிசலைத் தூரத்திலிருந்து பார்த்துச் சொல்வேன், ஆனால் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இருந்த விரிசல் என் கண்ணில் படவில்லை.

அலைடா ஒல்லியான, அதிகம் பேசாத பெண்மணி, நிதானமான ஜெர்மன் பேசுகிறார். அழுவார் என்று நினைத்துப் பயந்துகொண்டு போனேன், அழவில்லை, ஷூவின் கயிற்றை இரண்டு முறை சரி பார்த்துவிட்டு போகலாமா என்றார். அவர் கையில் கணவரின் சின்ன நோட்டு இருந்தது. அந்த மனிதர் ஒவ்வொரு ஊரிலும் என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். முதலில் கீழே ப்ராடேல், அங்கே சத்ரீனாவின் விடுதி. ப்ராடேல் பக்கத்தில் அவர் எழுதியிருந்தது இது: சூப்பில் உப்பு அதிகம், கேக் மிக நன்று, கோயில் மணி இரண்டு நிமிடம் பிந்தி அடிக்கிறது. அலைடா இதைப் படித்துக் காட்டியதும் நான் நம் மொழியில் சொன்னேன், சத்ரீனாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "உப்பு அதிகமா? ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டானே அந்த மனுஷன்! ரெண்டாந்தடவ எதுக்கு வாங்கினான், உப்பு போதலன்னா?" என்று கத்தினாள். செத்தவரோடு சண்டை போடுகிறோம் என்பது பிறகுதான் அவளுக்கு உறைத்தது போலிருக்கிறது, இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் என்ன சொன்னாள் என்று அலைடா கேட்டார், அப்படியே மொழிபெயர்த்தேன். அந்த இரண்டு நாளில் அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான். "அவர் அப்படித்தாங்க, குறை சொல்லிக்கிட்டே ரெண்டு தட்டு சாப்பிடுவார்" என்றார்.

கிளம்பும்போது சத்ரீனா என் தோளைப் பிடித்து நம் மொழியில் வேகமாக, "மெங்கியா, அந்தம்மா என்ன கேட்டாலும் ஷூவைப் பத்திச் சொல்லிடு. ஏதோ டவுன் ஷூ போட்டுக்கிட்டு வந்தான், வழுக்கிடுச்சு, அவ்ளோதான். காஷ்பர் எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருக்கார்" என்றாள். அலைடா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்லபடியாகப் போய் வாருங்கள் என்கிறாள் என்று சொன்னேன். என் முதல் பொய் அது. மேலே ஏறும்போது அலைடா தானாகவே சொன்னார், ஜூலையில்தான் அவர் மலை ஷூவுக்குப் புது அடித்தோல் போட்டார், போலீஸ் அனுப்பிய பெட்டியில் அது வந்தது, தேயவே இல்லை என்று. காடு செங்குத்தாக ஏறுகிறது, மூச்சு வாங்குவது போல நடித்தேன்.

மொந்தாஸில் தங்கி, மறுநாள் காலை துமாஷைப் பார்க்கப் போனோம். நோட்டில் அந்த ஊருக்குக் கீழே, வயதான பால்கட்டிக்காரர் மில் வழியாகக் குறுக்குப் பாதை சொன்னார், நாற்பது நிமிடம் மிச்சம் என்று எழுதியிருந்தது. அதுதான் கடைசி வரி. துமாஷ் தன் நிலவறைக்கு முன்னால் பால் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் தண்ணீரை நிறுத்தினார். நான் வாய் திறப்பதற்கு முன்பே நம் மொழியில் கொட்ட ஆரம்பித்துவிட்டார். "நான்தான் மெங்கியா அனுப்பினேன், நான்தான். மில்லுக்கு மேல ஏறினா பழைய பாதை குறுக்க வரும், அதைத் தாண்டி நேரா ஏறு, குறி எங்க தெரியுதோ அந்தப் பக்கம் போன்னு சொன்னேன். பழசுல குறியே இருக்காதுன்னு நெனச்சேன். அழிச்சாச்சுன்னு மேஜையில சொன்னானே உன் பையன்! நான் பக்கத்துலதான உக்காந்திருந்தேன், என் காதால கேட்டேனே." பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "உனக்குத் தெரியாதா? உன் புருஷன் யாகென் சொல்லலியா? அட கடவுளே. சரி, விடு. என் வாயிலேர்ந்து லினார்ட் பேரு வராது. எங்க யார் வாயிலேர்ந்தும் வராது. அதுக்கு நீ பயப்படாத" என்றார்.

அப்படித்தான் எனக்குத் தெரிந்தது, லினார்ட். இறந்தவரின் மனைவி ஒரு முழத் தூரத்தில் நிற்கும்போது. உன் பெயரைத் துமாஷ் சொன்னதை அலைடா கேட்டார், அது யார் பெயர் என்று அவருக்குத் தெரியாது. நான் மொழிபெயர்த்தது இது: வழி சொன்னவன் நான்தான் என்று வருந்துகிறார். அதில் பொய் ஒரு சொல்கூட இல்லை, அதனால்தான் அது எல்லாவற்றிலும் பெரிய பொய். அலைடா கையை நீட்டினார், துமாஷ் ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துத் துடைத்து, கடைசியில் கொடுத்தார்.

மில்லைத் தாண்டி நாங்கள் பழைய பாதைக்கு ஏறியபோது முதல் குறி தெரிந்தது. கல்லின் மேல் வெள்ளை சிவப்பு வெள்ளைப் பட்டை, நேற்றுப் போட்டது போல. நான் அந்தப் பக்கம் போய் மூன்று வருஷத்துக்கு மேல் இருக்கும், அப்பாவும் போனதில்லை, சரிவு இடிந்த பிறகு அங்கே யாருக்கு என்ன வேலை. நம் ஆட்களில் யாராவது அந்தப் பாதையைக் கடந்திருந்தாலும் குறியைப் பார்த்திருக்க மாட்டார்கள், நாம் குறியைப் பார்த்து நடப்பதே இல்லை, கால் தானாகப் போகிறது, குறி வெளியூர்க்காரர்களுக்கு. ஒரு கல்லுக்கு அடுத்த கல் நன்றாகத் தெரிந்தது, எண்ணிக்கொண்டே நடந்தேன். எட்டு. எட்டாவதிலிருந்து பத்தடியில் பாதை முடிந்து சரளை சரிகிறது, வெயில் எதிரில் அடித்தால் விளிம்பு தெரியாது. அலைடா விளிம்புக்குப் போகவில்லை, எட்டாவது கல்லின் மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் நோட்டை மூடி மடியில் வைத்திருந்தார். ஹெண்ட்ரிக் கால அட்டவணை போட்டவர், லினார்ட், எழுதி வைத்ததை நம்பியே வாழ்ந்தவர். நான் அவரைத் தனியாக விட்டுத் திரும்பி, குறுக்குப் பாதை சேரும் இடத்தையும் தாண்டி, புதுப் பாதையிலிருந்து பழையது பிரியும் இடம் வரை போய்ப் பார்த்தேன். அங்கே மூன்று கல்லில் சாம்பல் பெயிண்ட் ஒழுங்காக, ஓரம் பிசிறாமல் அடித்திருந்தது. உன் வேலை எனக்குத் தெரியும், தொடங்கியதை நீ எப்போதும் நன்றாகத்தான் தொடங்குவாய்.

இறங்கும்போது அலைடா கேட்டார், பாதை இடிந்த பிறகு பழைய குறிகளை யார் அழிக்க வேண்டும் என்று. நான் பொதுவாகச் சொன்னேன், ஜூன் மாதத்தில் ஒரு நாள் மூன்று ஊரிலும் வீட்டுக்கு ஒருவர் ஊர் வேலைக்குப் போவார்கள், சுவர் கட்டுவது, பாதை செப்பனிடுவது, குறி போடுவது என்று ஆளுக்கு ஒரு பகுதி, சாயங்காலம் எல்லோரும் ஒரே நீள மேஜையில் உட்கார்வார்கள், பாதைப் பொறுப்பாளர் ஒவ்வொரு பகுதியாகப் படிப்பார், செய்தவர் முடிந்தது என்பார், அவர் எழுதிக்கொள்வார் என்று. "அப்புறம் யார் போய்ப் பாப்பாங்க?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். ஏன் என்றார். இப்படிச் சொன்னேன்: ஒருவர் முடிந்தது என்று சொன்ன பிறகு போய்ப் பார்ப்பது அவரைப் பொய்யன் என்று சொல்வதற்குச் சமம், அப்படிப் போய்ப் பார்த்த ஒருவரோடு அவர் சாகும்வரை யாரும் மேஜையில் உட்காரவில்லை என்று என் மாமனார் கதை சொல்வார். அலைடா தலையை மட்டும் ஆட்டினார். அந்த வழக்கத்தை நான் இளவயதில் முட்டாள்தனம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன், கல்யாணமான பிறகு சொல்வதை நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான்.

சரிவு இடிந்த அந்த வருஷம், மூன்று வருஷத்துக்கு முன்னால், நம் வீட்டிலிருந்து நீ போனாய். அப்பா பொறுப்பாளராக மேஜையின் தலைமாட்டில் இருந்தார். வீட்டுக்கு வந்ததும் நான் அப்பாவிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை, பாதைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தார். உன் பழைய பனிச்சறுக்குக் காலணிப் பெட்டிக்குள் வைத்திருந்தார். அவர் கையெழுத்தில், கரும்பள்ளம், பழைய குறிகள் பதினொன்று, லினார்ட், முடிந்தது. விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் புத்தகம் தண்ணீரில் நனைந்து வீணாகிவிட்டது, அந்தப் பகுதியை நான்தான் எடுத்துக்கொண்டேன், மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். நீங்கள் ஏன் போய்ப் பார்க்கவில்லை என்று அவரைக் கேட்டேன். "மத்தவன் வார்த்தையவே போய்ப் பாக்கறதில்ல. சொந்தப் பையன் வார்த்தையப் போய்ப் பாப்பாங்களா?" என்றார். பிறகு, "இந்தா பாரு மெங்கியா, அவனுக்கு இருபத்திநாலு, எனக்கு அம்பத்திமூணு. இதைத் தூக்கிக்கிட்டு நான் எவ்வளவு தூரம் நடக்கணும், அவன் எவ்வளவு தூரம் நடக்கணும், நீயே சொல்லு. ஊரே வாயை மூடிக்கிட்டு இருக்கு, நீ மட்டும் தொறக்காத" என்றார். அதை அவர் கெஞ்சிச் சொல்லவில்லை, மாட்டுக்கு மருந்து கொடுக்கும்போது தலையைப் பிடி என்று சொல்வாரே, அந்தக் குரலில் சொன்னார். நான் சரி என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அலைடாவை ப்ராடேல் ரயில்நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். வண்டிக்கு இருபது நிமிடம் இருந்தது. அவர் பையிலிருந்து இரண்டு ஆப்பிள் எடுத்து ஒன்றை எனக்குக் கொடுத்தார். தின்றுகொண்டே, "உங்க மொழி எனக்குத் தெரியாது. ஆனா எல்லாரும் என் கேள்விக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி உங்க முகத்தைத்தான் பாத்தாங்க. நான் துக்கத்துல இருக்கேன், அவங்க உங்களைப் பாத்துப் பரிதாபப்படறாங்க. அது ஏன்னு ரெண்டு நாளா யோசிக்கிறேன்" என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை, வாயில் ஆப்பிள் இருந்தது, அதை விழுங்கிவிட்டுச் சொன்னேன். அழிக்க வேண்டியவன் என் மகன், மூன்று கல் அழித்தான், முடிந்தது என்று சொன்னான், அவன் அப்பா எழுதினார், நாங்கள் எல்லோரும் நம்பினோம் என்று. எனக்கு எப்போது தெரியும் என்று கேட்டார். நேற்று, நீங்கள் பக்கத்தில் நின்றபோது என்றேன்.

அவர் ஆப்பிளின் நடுத்தண்டைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்தார். பிறகு, "எட்டுக் கல் பெயிண்ட் அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார். ஒரு மணி நேரம் என்றேன், நிறுத்த முடியாமல், அவ்வளவுகூட ஆகாது என்றும் சொல்லிவிட்டேன். "ஒரு மணி நேரம்" என்று அவர் திருப்பிச் சொன்னார். அவர் கணவர் மிச்சப்படுத்திய நாற்பது நிமிடம் எனக்கு நினைவுக்கு வந்தது, அவருக்கும் வந்திருக்கும். அப்போது உனக்கு என்ன வயது என்று கேட்டார், இருபத்தொன்று என்றேன். "அவனுக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது என்று சொல்ல வந்தவள், எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன், அதுதான் உண்மை. வண்டி வந்தது. ஏறுவதற்கு முன்னால், "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், ஏன்னா அதைச் சொல்ல வேண்டியது நான் இல்ல" என்றார். மன்னிப்பைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை, அது நான் கேட்டு வாங்கிக் கொடுக்கக்கூடிய பொருள் இல்லை.

அன்று மத்தியானமே அப்பாவிடம் சொன்னேன். அவர் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார், அடுக்குவதை நிறுத்தவில்லை. கடைசிக் கட்டையை வைத்துவிட்டு, "பெத்தவ பண்ற காரியமா இது?" என்றார். பத்து நாளாக அந்தக் கேள்வியோடுதான் எழுந்திருக்கிறேன், படுக்கிறேன். அன்றிலிருந்து அவர் என்னோடு தேவைக்குப் பேசுகிறார், விறகு, பால், அத்தைக்கு மாத்திரை. ஊருக்கும் தெரிந்துவிட்டது, ரயில்நிலையத்தில் யார் பார்த்தார்களோ. காஷ்பர் தெருவில் என்னைப் பார்த்தால் தொப்பியைத் தொடுகிறார், நிற்பதில்லை. சத்ரீனா மட்டும் வழிமறித்து, "படிச்ச திமிரு மெங்கியா, வேறென்ன. ஊர்ல பதினாலு பேர் கட்டிக் காத்தத, ஒரு ஆப்பிளுக்கு வித்துட்ட" என்றாள். அவள் சொன்னதுதான் எனக்கு நிம்மதியாக இருந்தது, முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

போன செவ்வாய்க்கிழமை, போலீஸ் படம் எடுத்து முடித்துவிட்டது என்று தகவல் வந்ததும், மூன்று ஊரிலிருந்தும் பன்னிரண்டு பேர் கரும்பள்ளத்துக்கு ஏறினார்கள், அப்பாவும் போனார், நானும் போனேன், யாரும் என்னை வா என்றோ போ என்றோ சொல்லவில்லை. எட்டுக் கல்லுக்குப் பன்னிரண்டு பேர். முடித்த பிறகு ஒவ்வொருவரும் மற்றவர் அடித்த கல்லைப் போய்ப் பார்த்தார்கள், குனிந்து, பக்கவாட்டில், கையால் தொட்டு. சாயங்காலம் மேஜை போடவில்லை, யாரும் முடிந்தது என்று சொல்லவில்லை, அவரவர் வீட்டுக்குப் போனோம். சரியான முறை அதுதான் என்று என் படிப்பு சொல்கிறது. ஆனால் துமாஷ் அப்பா அடித்த கல்லின் முன்னால் குனிந்து பார்த்ததையும், அப்பா பேசாமல் ஒதுங்கி இடம் விட்டதையும் நான் பார்த்தேன், அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

நீ ஏன் எட்டை விட்டுவிட்டு வந்தாய் என்று நான் கேட்கப்போவதில்லை. அன்று மத்தியானம் மழை வந்தது, உலர்த்தியிருந்த துணியை நான் ஓடி எடுத்தது நினைவிருக்கிறது. ஈரக் கல்லில் பெயிண்ட் ஒட்டாது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பாய், மேஜையில் அத்தனை பேர் முன்னால் இன்னும் எட்டு இருக்கிறது என்று சொல்ல வாய் வந்திருக்காது, செப்டம்பரில் விமானம் ஏறிவிட்டாய். இது என் கற்பனை. நிஜம் உன்னிடம் இருக்கிறது. நீ யாரையும் கொல்லவில்லை, அப்படி யாராவது சொன்னால் நானே எதிர்த்துப் பேசுவேன். ஒரு சொல் சொன்னாய், அது உண்மை இல்லை, அதை நம்பி வரிசையாக எல்லோரும் நடந்தோம், கடைசியில் நடந்தவர் விழுந்தார். இதை இதைவிடப் பெரிதாக்கிக்கொள்ளவும் வேண்டாம், சின்னதாக்கிக்கொள்ளவும் வேண்டாம்.

விசாரணை நவம்பர் 14ஆம் தேதி, கீழே நகரத்தில். அப்பா அங்கே எழுந்து நின்று, செய்யாததைச் செய்தேன் என்று சொல்லப்போகிறார். பத்தொன்பது வருஷம் பாதையைப் பார்த்துக்கொண்ட மனிதர், மூன்று ஊரில் அவர் எழுதிய எழுத்தை யாரும் சந்தேகப்பட்டதில்லை, அதிகாரியிடம் அவர் சொன்ன, வாழ்க்கையின் முதல் பொய் அங்கே பதிவாகப்போகிறது. பொய் சொல்லத் தெரியாதவர், பிடிபட்டுவிடுவார், பிடிபடாவிட்டால் அது இன்னும் மோசம், அதோடு வீட்டுக்கு வந்து என் எதிரில் உட்கார்வார். புத்தகம் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. நான் அதை எடுத்துக் கொடுக்க மாட்டேன், என்னைக் கேட்டால் இல்லை என்று சொல்லவும் மாட்டேன். உன்னால்தான் அவரை நிறுத்த முடியும். நீயே அந்த அலுவலகத்துக்கு எழுது, முகவரியை இதோடு தனித் தாளில் வைத்திருக்கிறேன், பதினான்காம் தேதிக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். என்ன நடந்தது என்று மட்டும் எழுது, அழகாக எழுத முயலாதே. அலைடாவின் முகவரியையும் வைத்திருக்கிறேன். அவர் கேட்கவில்லை, நான் கேட்டு வாங்கினேன். அதற்கு எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம், பதில் வராமல் போகலாம் என்பதைத் தெரிந்துகொண்டு எழுது.

நீ எழுதவில்லை என்றால், உன்னை ஞாயிற்றுக்கிழமைகளில் முன்போலவே அழைப்பேன், தொப்பியைப் பற்றியும் அத்தையைப் பற்றியும் பேசுவேன், வேறு எதுவும் கேட்க மாட்டேன். உன்னைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை, எனக்கு அது எவ்வளவு சுலபம் என்பது எனக்குத் தெரியும் என்பதால் சொல்கிறேன். எழுதினால், அதன் பிறகு அந்த அலுவலகம் உன்னை நேரில் வரச் சொன்னால், தயங்காமல் வா. அப்பா நிலையத்துக்கு வருவார், ஒன்றும் பேச மாட்டார், உன் பையை வாங்கி அவர் தூக்கிக்கொள்வார், நீ மறுக்காதே, விட்டுக்கொடு. நானும் வருவேன்.

நீ எங்கே இருந்தாலும் உன் உடம்புக்கும் மனதுக்கும் தீங்கு வராமல் இருக்கட்டும், நிமிர்ந்து நடக்கிற வாழ்வு உனக்கு அமையட்டும். அப்பாவின் ஆசியையும் சேர்த்தே எழுதுகிறேன், இந்தக் கடிதத்தைப் பற்றி அவருக்குத் தெரியாது, ஆனால் ஆசியைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. பல் வைத்தியரிடம் இன்னும் போகவில்லை என்றால் போ. கடிதம் அங்கே போய்ச் சேர பத்து நாள் ஆகும் என்கிறார்கள், படித்த அன்றே உட்கார்ந்து எழுது, நாளைக்கு என்று வைக்காதே.

உன் அம்மா,
மெங்கியா